மணலை அறிந்தவர்களும் மணலுக்கு அனுப்பப்பட்டவர்களும்

2004 பெப்ரவரி 5ஆம் திகதி இரவு, வடமேற்கு இங்கிலாந்தில் உள்ள மோர்கம் குடாவில் மட்டி பொறுக்கப் போன 23 சீனத் தொழிலாளர்கள் கடல்பெருக்கில் அகப்பட்டு இறந்தார்கள். பிரித்தானியாவில் இதை ஒரு பெரும் துயரம் என்று நினைவுகூருகிறார்கள். துயரம் என்ற சொல்லில் பிழையில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் புயலோ சுனாமியோ திடீரென்று வந்து அடித்துக்கொண்டு போன மாதிரி ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. அன்றிரவு வந்தது வழமையான பெருக்குத்தான். எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு உயரத்துக்கு ஏறும் என்று அட்டவணையில் முதலே அச்சடித்திருந்த பெருக்கு.

அப்படியென்றால் 23 பேர் எப்படிச் செத்தார்கள்? கடல் கொண்டுபோய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. அந்த மணலில் எங்கே நடக்கலாம், எப்போது திரும்ப வேண்டும் என்கிற அறிவு அந்தக் கரையில் பல நூற்றாண்டுகளாக இருந்தது. அதே நாட்டில், கூலியாட்களைக் கூட்டமாகச் சேர்த்து வயலுக்குக் கொண்டுபோகும் இடைத்தரகர் முறையும் நீண்ட காலம் இருந்தது. இந்த இரண்டு வரலாறுகளையும் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் எழுதுவினம். நாங்கள் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம்.

பத்து மீற்றர் ஏறி இறங்கும் கடல்

முதலில் இடத்தைப் பார்ப்போம். லங்காஷயருக்கும் கம்பிரியாவுக்கும் இடையில் கிடக்கிறது மோர்கம் குடா. லீவன், கென்ற், கீர், லூன், வயர் என்று ஐந்து ஆறுகளின் கழிமுகங்கள் ஒன்றாகச் சேர்ந்த இடம். பரப்பு ஏறத்தாழ 310 சதுர கிலோமீற்றர். வற்றின்போது இதில் பெரும்பகுதி வெறும் மணலும் சேறுமாக வெளியே தெரியும். பிரித்தானியாவில் இந்த வகையில் இதுதான் மிகப்பெரிய வெளி.

எங்கட கடலோடு ஒப்பிட்டால்தான் இது விளங்கும். இலங்கையைச் சுற்றி வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. யாழ்ப்பாணக் கடனீரேரியில் வற்று நேரம் முழங்காலளவுத் தண்ணீரில் நடப்பவர்கள், பெருக்கிலும் பல இடங்களில் இடுப்பளவில் நிற்பார்கள். மோர்கம் குடாவில் பெரிய பெருக்கின்போது நீர்மட்டம் 10 மீற்றர் வரை ஏறி இறங்கும். மூன்று மாடிக் கட்டிடத்தின் உயரம் என்று வையுங்கள். வற்றும்போது கடல் பல கிலோமீற்றர் பின்னுக்குப் போய் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். பிறகு அந்தத் தூரத்தைச் சில மணித்தியாலங்களில் திரும்பி ஓடி வந்து மூடும். குதிரை ஓடுகிற வேகத்தில் வெள்ளம் வரும் என்று அந்த ஊரார் சொல்லுவினம்.

இதில ஒரு விசயம் கவனிக்கோணும். வெள்ளம் முன்னாலிருந்து அலையாக வருவதில்லை. மணல்வெளிக்குள் ஓடும் வாய்க்கால்களும் பள்ளங்களும்தான் முதலில் நிறையும். நீங்கள் மேடான இடத்தில் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பீர்கள். உங்களைச் சுற்றி மணல் காய்ந்துதான் இருக்கும். அதற்குள் உங்களுக்கும் கரைக்கும் நடுவில் கிடக்கிற வாய்க்கால் நிரம்பியிருக்கும். நிமிர்ந்து பார்க்கும்போது திரும்பும் வழி போயிருக்கும். இதோடு புதைமணலும் உண்டு. ஆறுகள் தங்கள் போக்கை அடிக்கடி மாற்றுவதால் போன மாதம் உறுதியாக இருந்த மணல் இந்த மாதம் காலை இழுக்கும். வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு இந்த வெளியைக் கடக்க ஏலாது. நாளுக்கு நாள் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

குளிர்காலத் தொழில்

இந்த வெளியில் மீன்பிடி என்றால் பெரும்பாலும் வள்ளம் இல்லாத மீன்பிடி. ஃப்ளூக்பரா போன்ற கரையோரக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகக் குதிரை வண்டியை மணலுக்குள் ஓட்டிப் போய்த்தான் தொழில் செய்தார்கள். இறால் பிடிக்க வண்டிக்குப் பின்னால் வலையைக் கட்டி, குதிரையின் வயிறு நனையும் ஆழத்தில் இழுத்துப் போனார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் குதிரை இருந்த இடத்துக்கு ட்ரக்டர் வந்தது.

மட்டி முக்கியமாகக் குளிர்காலத்துத் தொழில். மணலுக்குள் சில சென்ரிமீற்றர் ஆழத்தில்தான் அது கிடக்கும். அதை மேலே கொண்டுவர ஒரு பலகை இருக்கிறது. இரண்டு பக்கமும் கைபிடி போட்ட அந்தப் பலகையை அங்கே 'ஜம்போ' என்று சொல்லுகிறார்கள். ஈரமணலில் வைத்து முன்னும் பின்னும் ஆட்டினால் மணல் இளகித் தண்ணீராகும், மட்டி மேலே மிதந்து வரும். பிறகு மூன்று பல் உள்ள சின்ன முள்ளால் குத்தியெடுத்துக் கூடையில் போடுவார்கள். அந்த முள்ளுக்குப் பெயர் 'கிராம்'. கடைசியில் சல்லடையில் அரித்து, சின்னதுகளை மணலுக்கே விட்டுவிடுவார்கள். அடுத்த வருசத்துக்கும் வேண்டுமே.

சொல்வதற்கு இது சுகம். வடகடல் நாடுகளின் சனவரி, பெப்ரவரிக் குளிரில், மணிக்கணக்காகக் குனிந்தபடி, நனைந்த கையோடு செய்கிற வேலை இது. பின்னேரம் ஐந்து மணியோடு இருட்டிவிடும். வற்று எப்போது வருகிறதோ அப்போதுதான் வேலை. அது விடியப்புறம் இருக்கலாம், இரவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்திப் பிந்திப் போகும். அதனால் இந்தத் தொழிலில் கைவேகம் எவ்வளவு முக்கியமோ, நேரக் கணக்கும் அவ்வளவு முக்கியம். சந்திரனைப் பார்த்துக் கணக்குப் போடத் தெரியவேண்டும். பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் பெருக்கு மிகப் பெரிதாக இருக்கும். எங்கட கரையோரச் சனத்துக்கும் இது தெரிந்த விசயந்தான்.

குளிர் ஆட்களை மட்டுமல்ல, மட்டியையும் தாக்கும். 1962–63 குளிர்காலத்தின் கடும் உறைபனியில் பிரித்தானியக் கரையோரங்களில் மட்டி பெருமளவில் செத்தது. ஒரு வருசம் மணல் நிறைய மட்டி, இன்னொரு வருசம் ஒன்றுமில்லை. இப்படி ஏறி இறங்குகிற தொழிலை உள்ளூர்க் குடும்பங்கள் இறாலோடும் தட்டைமீனோடும் மாற்றி மாற்றிச் செய்து சமாளித்தார்கள்.

1548இல் தொடங்கிய ஒரு பதவி

புகையிரதம் வருவதற்கு முன்னர் இந்த மணல்வெளிதான் பெருந்தெரு. லங்காஸ்டரில் இருந்து ஃபேர்னஸ் பக்கம் போக, மலைகளைச் சுற்றி நீண்ட தூரம் போவதை விட வற்று நேரத்தில் மணலைக் குறுக்கே கடப்பது கிட்ட. வியாபாரிகள், துறவிகள், தபால் வண்டிகள், பயணிகள் எல்லோரும் இப்படித்தான் போனார்கள். ஓவியர் டேர்னர் 1826 வாக்கில் வரைந்த நீர்வண்ண ஓவியம் ஒன்றில், மழையில் நனைந்தபடி ஒரு குதிரை வண்டியும் அதைச் சுற்றி நடக்கிற சனமும் இந்த மணலைக் கடப்பதைப் பார்க்கலாம்.

போனவர்கள் எல்லோரும் கரை சேரவில்லை. மணலில் அகப்பட்டு இறந்தவர்களைப் புதைத்த பதிவுகள் கார்ட்மெல் தேவாலயத்தின் ஏடுகளில் வரிசையாகக் கிடக்கின்றன. அதனால்தான் மத்திய காலத்தில் அங்கிருந்த மடங்கள் பயணிகளுக்கு வழிகாட்டிகளை வைத்தன. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்த பிறகு அந்தப் பொறுப்பு லங்காஸ்டர் கோமகவகத்தின் கைக்குப் போனது. 1548இல் அரச நியமனம் பெற்ற முதல் வழிகாட்டி பதவியேற்றார். அந்தப் பதவி இன்றைக்கும் இருக்கிறது. ஆண்டுக்கு 15 பவுண் சம்பளமும் கரையில் ஒரு பழைய வீடும். 1963இல் இருந்து 2019 வரை 25ஆவது வழிகாட்டியாக இருந்தவர் செட்ரிக் றொபின்சன். ஃப்ளூக்பராவின் மீனவக் குடும்பத்தில் பிறந்து, சின்ன வயசிலேயே மணலுக்குப் போய்ப் பழகியவர். 2021இல் காலமானார். அவருக்குப் பின் வந்தவரும் மீனவர்தான்.

வழிகாட்டி என்ன செய்வார்? கடப்பதற்கு முதல் நாள் மணலுக்குப் போய்ப் பார்ப்பார். கையில் தடி. ஆறு எங்கே திரும்பியிருக்கிறது, எந்த இடம் பளபளக்கிறது, எந்த இடம் காலடியில் நடுங்குகிறது என்று கவனிப்பார். பாதுகாப்பான பாதை நெடுக லோறல் மரக்கிளைகளை நட்டு வைப்பார். அடுத்த வாரம் பாதை மாறினால் கிளைகளும் மாறும்.

1857இல் குடாவின் வடகரையோரமாகப் புகையிரதப் பாதை திறந்ததோடு மணற்பாதையின் தேவை குறைந்தது. இன்றைக்கு வழிகாட்டி கூட்டிப்போவது பெரும்பாலும் கோடையில் நிதி திரட்டுவதற்காக நடந்து கடக்கிற ஆயிரக்கணக்கான ஆட்களை.

எங்களுக்குப் பட்டது இதுதான். கடந்து போகிறவர்களுக்கு ஆபத்து என்று தெரிந்தபோது மடமும் அரசும் ஒரு பதவியையே உருவாக்கின. மணலில் தொழில் செய்தவர்களுக்கு அப்படி யாரையும் வைக்கவில்லை. அவர்களுக்குத் தேவைப்படவும் இல்லை. ஏனென்றால் தகப்பனோடும் தாயோடும் பத்துப் பன்னிரண்டு வயசில் மணலுக்குப் போன பிள்ளை அந்த அறிவோடுதான் வளர்ந்தது. தொழிலும் அறிவும் ஒரே வீட்டுக்குள் இருந்தன. அந்த வீட்டுக்கு வெளியிலிருந்து கூலிக்கு ஆள் வரும் நாள் ஒன்று வந்தால் என்ன நடக்கும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இங்கிலாந்தின் கங்காணிகள்

கூலிக்கு ஆள் சேர்க்கிற வேலையும் இங்கிலாந்துக்குப் புதிது இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிழக்கு இங்கிலாந்தின் பெரிய பண்ணைகளுக்குப் பெண்களையும் சிறுபிள்ளைகளையும் கூட்டமாகச் சேர்த்து, களை பிடுங்கவும் கல் பொறுக்கவும் கொண்டுபோகிற ஆட்கள் இருந்தார்கள். பண்ணைக்காரரிடம் ஒப்பந்தக் காசை வாங்கி, அதிலிருந்து தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கூலியாகக் கொடுப்பது அவர்கள் தொழில். ஆங்கிலத்தில் இவர்களுக்குப் பெயர் 'காங்மாஸ்டர்'. மலையகத்து வரலாறு தெரிந்த எங்களுக்கு அதற்கு ஒரு சொல் கையோடு இருக்கிறது: கங்காணி.

இந்த முறையின் கொடுமை பாராளுமன்றம் வரை போய், 1867இல் விவசாயக் கூட்டங்கள் சட்டம் வந்தது. எட்டு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது, ஆணும் பெண்ணும் ஒரே கூட்டத்தில் வேலை செய்யக் கூடாது, கங்காணிக்கு நீதவான்களிடமிருந்து அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. அதே 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதலாம் பாகத்தில் மார்க்சும் இந்தக் கூட்டமுறையைப் பற்றி எழுதியிருக்கிறார். பின்னாளில் அந்தச் சட்டம் பழசாகிப் போனது. இருபதாம் நூற்றாண்டின் கடைசியில், மலிவாகவும் உடனடியாகவும் மரக்கறியும் மீனும் கேட்கிற சுப்பர்மார்க்கெட்டுகளின் காலத்தில் கங்காணிமார் திரும்பி வந்தபோது, அவர்களுக்கு அனுமதிப்பத்திரம் என்று ஒன்றும் தேவைப்படவில்லை.

கங்காணி முறையை நாங்கள் வெறும் உவமைக்காகச் சொல்லவில்லை. இலங்கைத் தோட்டங்களில் பெரிய கங்காணி செய்த வேலை மூன்று: ஊரில் ஆள் சேர்ப்பது, வேலையில் மேற்பார்வை பார்ப்பது, கடன் கொடுப்பது. கடனைத் 'துண்டில்' எழுதி வைத்தார்கள். அந்தத் துண்டு தீராமல் தொழிலாளி தோட்டத்தை விட்டுப் போக முடியாது. 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. இந்த மூன்றும் ஒரே ஆளின் கையில் சேரும்போது நாலாவதாக ஒன்றும் சேர்ந்துவிடுகிறது. தோட்டத்துரையின் மொழி தெரியாத தொழிலாளிக்கு வெளியுலகத்தைப் பற்றிய செய்தி முழுக்கக் கங்காணியின் வாயிலிருந்துதான் வரும். அவன் சொன்னால்தான் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. மோர்கம் குடாவில் நடந்ததை விளங்கிக்கொள்ள இந்த நாலாவது விசயம் முக்கியம்.

ஃபூஜியனில் இருந்து வந்தவர்கள்

2003இன் கடைசியில் மோர்கம் குடாவில் மட்டி நிறையக் கிடந்தது. ஸ்பெயின் போன்ற நாடுகளில் அதற்கு நல்ல விலை. பல பக்கங்களிலிருந்தும் ஆட்கள் வேன்களில் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒரு கூட்டம் சீனர். பெரும்பாலானவர்கள் தென்கிழக்குச் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். இறந்தவர்களில் ஆணும் பெண்ணும் இருந்தார்கள். வயது 18இல் இருந்து 45 வரை.

ஃபூஜியனில் இருந்து வெளிநாடு போவது பெரிய கடனோடு தொடங்கும் பயணம். ஆட்கடத்துகிற முகவர்களுக்குக் கொடுக்கப் பல ஆயிரம் பவுண் பெறுமதியான காசை உறவினரிடமும் வட்டிக்காரரிடமும் வாங்குவார்கள். வந்து சேர்ந்தபின் விசா இல்லை, வேலை அனுமதி இல்லை. பொலிஸிடம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், திரும்பிப் போனாலும் கடன் அங்கேயே நிற்கும். ஆகவே கிடைத்த வேலையைச் செய்யவேண்டியதுதான்.

அந்த வேலைக்கு என்ன கூலி? 25 கிலோ மட்டிக்கு 5 பவுண் என்று அப்போது செய்திகளில் வந்தது. அன்றைய பிரித்தானியக் குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 4.50 பவுண். உறைகிற மணலில் 25 கிலோ சேர்க்க ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுத்தாலே சட்டம் சொன்ன கூலிக்குக் கீழே போய்விடும். அதிலும் வாடகை, வேன் காசு எல்லாம் கழியும். கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். இந்த நிலையில் இருக்கிற ஒருவருக்கு, 'இன்னும் ஒரு மூட்டை' என்பது பேராசை இல்லை.

உள்ளூர் மட்டிக்காரருக்கும் சீனருக்கும் இடையில் சச்சரவு இருந்ததாகவும் செய்திகள் வந்தன. தங்கள் மணலை வெளியாட்கள் கூட்டமாக வந்து அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து உள்ளூராருக்குக் கோபம். அந்தக் கோபத்துக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் அது கூட்டிக்கொண்டு வந்தவர்களின் மேலோ வாங்குகிறவர்களின் மேலோ போகாமல், மணலில் குனிந்து நின்றவர்களின் மேல்தான் விழுந்தது. விளைவாக, மணலை அறிந்தவர்களுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை என்று ஒன்று இருக்கவில்லை. தொழில் படிப்பது பக்கத்தில் நின்று பார்த்துத்தான். பக்கத்தில் நிற்கவே முடியாதென்றால் எப்படிப் படிப்பது?

அன்றிரவு

பெப்ரவரி 5. அடுத்த நாள் பறுவம். அதாவது பெருக்கு பெரிதாகிக்கொண்டு போகிற நாட்கள். பின்னேரம் உள்ளூர் மட்டிக்காரர் வேலையை முடித்துக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது சீனர் மணலுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். நேரம் போய்விட்டது என்று காட்ட, உள்ளூர் ஆட்கள் சிலர் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார்கள். அந்தச் சைகைக்கு அப்பால் அவர்களுக்கிடையில் பொதுமொழி இருக்கவில்லை. சண்டை நடந்த இடத்தில் உள்ளூரான் ஒருவன் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினால், அது எச்சரிக்கையா விரட்டலா என்று எப்படித் தெரியும்?

இரவு ஒன்பது மணியை அண்டி வெள்ளம் அவர்களைச் சூழ்ந்தது. அவர்களில் ஒருவர் அவசர இலக்கத்துக்கு அழைத்தார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் ஓரிரு சொல்தான். 'சிங்கிங் வோட்டர்' என்று சொன்னார், மூழ்குகிறோம் என்ற அர்த்தத்தில். எந்த இடம் என்று சொல்ல அவருக்கு முடியவில்லை. அழைப்பு அறுந்தது. உயிர்காப்புப் படகுகளும் ஹொவர்கிராஃப்டும் ஹெலிகொப்டர்களும் இரவிரவாகத் தேடின. அந்தப் படகுகளில் போனவர்களில் பலர் சம்பளம் வாங்காத ஊர்த் தன்னார்வலர்கள். சிலர் எப்படியோ கரை சேர்ந்திருந்தார்கள். 21 உடல்கள் கிடைத்தன. இன்னொரு பெண்ணின் எச்சம் 2010இல் அடையாளம் காணப்பட்டது. ஒருவர் இன்றைக்கு வரை கிடைக்கவில்லை.

இறந்தவர்களின் கடன் அவர்களோடு சாகவில்லை. ஊரில் மனைவிமாரும் பெற்றோரும் அதைத் தொடர்ந்து கட்டவேண்டியிருந்தது. நிக் புரூம்ஃபீல்ட் 2006இல் எடுத்த 'கோஸ்ட்ஸ்' என்ற திரைப்படம் இந்தக் கதையைத்தான் சொல்கிறது. ஊடகவியலாளர் சியாவோ-ஹுங் பை இப்படிப்பட்ட தொழிலாளர் நடுவில் போய்ச் சேகரித்த செய்திகள்தான் அந்தப் படத்துக்கு அடிப்படை. எங்கள் நண்பர்கள் சிலர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "இவையள் ஏன் ஒருக்கா மணியைப் பார்க்கேல்லை?" என்றுதான். மணியைப் பார்த்தாலும் அந்த மணி என்ன சொல்கிறது என்று தெரிந்தால்தானே. பெருக்கு அட்டவணையை வாசிக்க வேண்டும், அது ஆங்கிலத்தில் இருக்கிறது. வாசித்தாலும் போவதா விடுவதா என்று முடிவெடுக்கும் உரிமை வேண்டும், அது கங்காணியிடம் இருக்கிறது.

நீதிமன்றமும் சட்டமும்

2006 மார்ச்சில் பிரெஸ்டன் நீதிமன்றத்தில், அந்தத் தொழிலாளரை மணலுக்குக் கொண்டுபோன லின் லியாங் ரென் 21 கைம்மோசக் கொலைக் குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 14 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். விசாரணையில் தான் முதலாளி இல்லை, தானும் மற்றவர்களைப் போல ஒருவர்தான் என்று அவர் சொன்னார். நீதிமன்றம் ஏற்கவில்லை. மட்டியை வாங்கிய நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் தங்கள் மீதான குற்றச்சாட்டுகளில் இருந்து விடுவிக்கப்பட்டார்கள்.

லின்னும் ஒரு குடிபெயர்ந்தவர்தான். இறந்தவர்களின் மொழியைப் பேசியவர்தான். எங்கட தோட்டத்துக் கங்காணியும் தொழிலாளியின் ஊரையும் மொழியையும் சேர்ந்தவன்தானே? கங்காணி முறையின் பலமே அதில்தான் இருக்கிறது. கொண்டுபோகிறவன் சொந்தக்காரன் மாதிரி இருப்பான். மேலே இருக்கிறவர்களுக்கு அவன் ஒரு திரை. விபத்து நடந்தால் வழக்கு அந்தத் திரையோடு நின்றுவிடும்.

சட்டம் என்ன செய்தது? கங்காணிமாருக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயமாக்கும் தனிநபர் சட்டமூலம் ஒன்றை ஜிம் ஷெரிடன் என்ற தொழிற்கட்சி உறுப்பினர் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்திருந்தார். மணலில் சாவு விழுவதற்கு முன்னரே, அந்த ஆண்டு சனவரியில் அது முன்வைக்கப்பட்டது. தொழிற்சங்கங்கள் முதலே கேட்டுவந்த விசயந்தான். பெப்ரவரிக்குப் பிறகுதான் அதற்கு வேகம் வந்தது. 2004 யூலையில் அது சட்டமாகி, 2005இல் அனுமதி வழங்கும் அதிகாரசபை உருவானது. விவசாயம், தோட்டச் செய்கை, மட்டி சிப்பி சேகரிப்பு, அவற்றைப் பதனிட்டுப் பொதிசெய்வது ஆகியவற்றுக்கு ஆள் கொடுக்கிற எவருக்கும் அனுமதி வேண்டும். 1867இல் போட்டுப் பிறகு கைவிட்ட பூட்டை 137 வருசத்துக்குப் பின் திரும்பப் போட்டார்கள்.

இந்தச் சட்டத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. பண்ணைகளில் சுரண்டல் பலவற்றை அது வெளியே கொண்டுவந்தது. ஆனால் அதற்கும் எல்லை இருந்தது. கட்டடத்தொழில், துப்புரவு, பராமரிப்பு வேலை என்று குடிபெயர்ந்தவர் குவிகிற எத்தனையோ தொழில்கள் அந்த அனுமதி முறைக்கு வெளியே நின்றன. விசா இல்லாத தொழிலாளி முறைப்பாடு செய்தால் முதலில் அவருக்கே பிரச்சினை வரும் என்ற நிலையையும் அது மாற்றவில்லை. 2000இல் டோவர் துறைமுகத்தில் லொறி ஒன்றுக்குள் 58 சீனர் மூச்சுத்திணறி இறந்தார்கள். 2019 ஒக்ரோபரில் எசெக்ஸில் இன்னொரு லொறிக்குள் 39 வியட்நாமியர். மணல் இல்லை, கடல் இல்லை. கடனும் தரகரும் மட்டும் அப்படியே.

எங்களுக்கு இதில் என்ன?

சீனர் செத்த கதையை இலங்கையிலிருந்து ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்கலாம். 1996 நத்தார் இரவை நினைத்துப் பாருங்கள். மோல்ற்றாவுக்கும் சிசிலிக்கும் இடையிலான கடலில், 'யோஹான்' என்ற கப்பலில் இருந்து ஒரு சின்னப் படகுக்கு மாற்றப்பட்ட ஆட்கள், அந்தப் படகு தாண்டு 280க்கு மேல் இறந்தார்கள். இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கைத் தமிழர். பிறகு வந்த நாட்களில் சிசிலியின் போர்ட்டோபாலோ மீனவர்களின் வலைகளில் உடல்கள் ஏறின. சொன்னால் விசாரணை, படகைக் கட்டிப்போட வேண்டும், தொழில் போகும் என்று பயந்து பலர் அவற்றைத் திரும்பக் கடலிலேயே போட்டார்கள். அப்படி ஒன்று நடந்ததாகவே அதிகாரத்தில் இருந்தவர்கள் நம்பவில்லை. மீனவர் ஒருவரின் வலையில் வந்த அடையாள அட்டை ஒன்றுதான் கடைசியில் உண்மையை வெளியே கொண்டுவந்தது. அது ஒரு தமிழ்ப் பெடியனின் இலங்கை அடையாள அட்டை. அந்த மீனவர் அதை ஒரு ஊடகவியலாளரிடம் கொடுத்து, 2001இல் கடலடியில் படகைப் படம் பிடித்துக் காட்டினார்கள்.

அங்கேயும் மீன்பிடிச் சனம், இங்கேயும் மீன்பிடிச் சனம். போர்ட்டோபாலோக்காரரையும் மோர்கம்காரரையும் கெட்டவர்கள் என்று சொல்வது லேசு. அவர்களில் ஒருவர்தான் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார், அவர்களில் ஒருவர்தான் அடையாள அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் ஒரு தனி ஆளின் நல்ல மனம் எவ்வளவு தூரம் போகும்? 1548இல் வழிப்போக்கருக்குச் செய்ததைப் போல, தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில் ஆபத்தைச் சொல்லவும், போகமாட்டேன் என்று அவர் மறுத்தால் கடனைக் காட்டி மிரட்டாமல் இருக்கவும் ஒரு ஏற்பாடு வேண்டும். அதைச் செய்யவேண்டியது அரசும் தொழிற்சங்கமும், அந்த மட்டியை மலிவாக வாங்கித் தின்கிற சமூகமும்.

இலங்கையிலிருந்து இன்றைக்கும் கடன்பட்டு வெளிநாட்டு வேலைக்குப் போகிறார்கள். முகவர் ஊர்க்காரனாக இருப்பார், சில வேளை சொந்தக்காரனாகவும் இருப்பார். ஒப்பந்தம் தெரியாத மொழியில் இருக்கும். அவர்களில் ஒருவருக்கு ஏதாவது நடந்துவிட்டால் செய்தியில் 'விபத்து' என்று வரும், 'கடல் காவுகொண்டது' என்று வரும். அப்படி வாசிக்கும்போது நாங்கள் கேட்கவேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. அனுப்பியது யார், எவ்வளவு கடன், அந்த இடத்தின் ஆபத்தை அறிந்தவர்கள் யார், அவர்கள் சொன்னது இவர்களுக்கு விளங்கிய மொழியிலா, வேண்டாம் என்று சொல்ல இவர்களுக்கு வழி இருந்ததா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் வந்த பிறகு கடலைப் பற்றிப் பேசலாம்.